ஒரு துளி ரத்தம் நீதிமன்றம் போய்ச் சேரும் வழி

1994 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பிரென்ட்வுட் பகுதியில், பண்டி டிரைவ் என்ற தெருவில் உள்ள ஒரு வீட்டு வாசலில் இரண்டு பேர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். ஒருவர் நிக்கோல் பிரவுன் சிம்ப்சன், வயது 35. அவருடைய இரண்டு குழந்தைகளும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் ரொனால்ட் கோல்ட்மேன், வயது 25. அன்று மாலை நிக்கோலின் குடும்பத்தார் சாப்பிட்ட உணவகத்தில் வேலை பார்த்தவர். நிக்கோலின் அம்மா அங்கே தவறவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தார். அந்தக் கண்ணாடி இருந்த வெள்ளை உறையும் அங்கேயே கிடந்தது.

நிக்கோலின் முன்னாள் கணவர் ஓ. ஜே. சிம்ப்சன் மீது கொலை வழக்கு பதிவானது. அமெரிக்கக் கால்பந்தில் அவர் பெரிய நட்சத்திரம். 1973-இல் ஒரே பருவத்தில் பந்தோடு ஓடி 2,003 கஜம் கடந்தவர், அந்த 2,000 எல்லையை முதன்முதலில் தாண்டியவர். விளம்பரங்களிலும் படங்களிலும் நடித்து, கால்பந்து பார்க்காதவர்களுக்கும் தெரிந்த முகமாகிவிட்டவர். அதனால் வழக்கு நீதிமன்றத்துக்குள் மட்டும் நடக்கவில்லை. விசாரணை முழுவதும் தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது. இன்றுவரை பலருக்கு அது மாறவில்லை.

இந்தக் கட்டுரையில் அவர் செய்தாரா இல்லையா என்று நான் வாதாடப் போவதில்லை. சான்று என்றால் என்ன, அது எப்படி நிற்கிறது, எப்படி விழுகிறது என்பதைப் புதிதாகத் தெரிந்துகொள்ள நினைக்கிறவருக்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொலையைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. கொலை செய்த கத்தியும் கடைசி வரை கிடைக்கவில்லை. அப்படியென்றால் அரசுத் தரப்பின் கையில் இருந்தது முழுக்க முழுக்கச் சூழ்நிலைச் சான்று. 'சூழ்நிலைச் சான்றுதானே' என்று பலர் அதைக் குறைத்துப் பேசுவார்கள். அது சரியில்லை. பண்டி டிரைவில் ரத்தம் தோய்ந்த ஷூ தடங்கள் வீட்டின் பின்பக்கம் நோக்கிப் போயிருந்தன. அந்தத் தடங்களுக்கு இடப்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்திருந்தது. மறுநாள் போலீஸ் விசாரித்தபோது சிம்ப்சனின் இடது கையில், நடுவிரலில் வெட்டுக்காயம் இருந்தது. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். யாரும் எதையும் பார்த்ததாகச் சொல்லவில்லை, ஆனாலும் மூன்றும் சேர்ந்து ஒன்றைச் சொல்கின்றன.

ஆனால் கலிஃபோர்னியாவில் ஜூரிகளுக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களுக்கு, இதுபற்றி ஒரு அறிவுறுத்தல் உண்டு. ஒரு சூழ்நிலைச் சான்றுக்கு நியாயமான இரண்டு விளக்கங்கள் இருந்து, ஒன்று குற்றத்தையும் மற்றது குற்றமின்மையையும் காட்டினால், குற்றமின்மையைக் காட்டும் விளக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சிம்ப்சனுக்காக வாதாடிய எதிர்த்தரப்பு வக்கீல்களின் வேலை முழுவதும் இந்த இடத்தில்தான் இருந்தது. உண்மையில் கொன்றவர் யார் என்று அவர்கள் கண்டுபிடித்துக் காட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு சான்றுக்கும் நியாயமாகத் தோன்றும் இன்னொரு விளக்கம் கொடுத்தால் போதும்.

அந்த வேலையைத் தொலைக்காட்சி பார்த்த பலர் தந்திரம் என்றார்கள். என் கருத்து வேறு. அதைப் புரிந்துகொள்ள ரத்தத் துளிகளிடம் போக வேண்டும்.

17 கோடியில் ஒருவர்

கொலை நடந்த இடத்தில் விழுந்திருந்த ரத்தச் சொட்டுகளில் ஒன்றைப் பற்றி டி.என்.ஏ. நிபுணர் நீதிமன்றத்தில் சொன்னார்: இந்த மரபணு அமைப்பு 17 கோடிப் பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும், சிம்ப்சனுக்கு இருக்கிறது.

இதைக் கேட்டதும் 'அவ்வளவுதான், முடிந்தது' என்று தோன்றும். எனக்கும் முதலில் படித்தபோது அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள். ஆய்வகத்தில் சோதித்த இந்தத் துணித்துண்டில் இருக்கும் ரத்தம் யாருடையது என்ற கேள்விக்கு அது பதில். அந்த ரத்தம் எப்போது, எப்படி அங்கே வந்தது என்ற கேள்விக்கு அந்த எண்ணிடம் பதில் கிடையாது. ஆய்வகத்துக்கு வந்த துணித்துண்டும் தரையில் விழுந்த சொட்டும் ஒன்றுதானா என்பதையும் அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள்: எடுத்தவர், உறையில் போட்டவர், சுமந்தவர், பூட்டி வைத்தவர், உறையைப் பிரித்தவர். இவர்கள் வரிசையாக வந்து 'என் கைக்கு வந்தபோது இப்படி இருந்தது, நான் இன்னாரிடம் இந்த நேரத்தில் கொடுத்தேன்' என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். சட்டத்தில் இதைச் சான்றுப் பொருளின் காவல் தொடர் என்கிறார்கள். பொருள் எவ்வளவு வலுவாக இருந்தாலும், தொடரில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அந்த இடத்தில் கேள்வி நுழைந்துவிடும்.

பண்டி டிரைவ் சொட்டுகளை ஜூன் 13 காலையில் ஈரத் துணித்துண்டுகளில் ஒற்றி எடுத்தார்கள். எடுத்தவர்களில் ஒருவர் பயிற்சியில் இருந்தவர். ஒற்றிய துண்டுகள் பிளாஸ்டிக் பைகளில் போடப்பட்டு, வெயிலில் நின்ற வண்டிக்குள் மணிக்கணக்கில் இருந்தன. ஈரமும் சூடும் சேர்ந்தால் டி.என்.ஏ. சிதையும் என்பது தடயவியலின் முதல் பாடம். அப்புறம் ஆய்வகத்தில், சிம்ப்சனிடமிருந்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்த ரத்தக் குப்பியைத் திறந்தபோது நிபுணரின் கையுறையில் கொஞ்சம் பட்டுவிட்டது. அதே அறையில்தான் மற்ற துண்டுகளும் கையாளப்பட்டன.

எதிர்த்தரப்பில் டி.என்.ஏ. பகுதியைப் பார்த்துக்கொண்ட பேரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் இருவரும் இதை வைத்து ஒரு விளக்கம் கட்டினார்கள். கொலையாளியின் உண்மையான டி.என்.ஏ. வெயிலில் சிதைந்துவிட்டது, ஆய்வகத்தில் சிம்ப்சனின் ரத்தம் அந்தத் துண்டுகளில் கலந்துவிட்டது, அதனால்தான் சோதனையில் அவருடையதாகத் தெரிகிறது என்றார்கள். அரசுத் தரப்பும் சும்மா இருக்கவில்லை. சிதைந்தால் டி.என்.ஏ. காணாமல் போகுமே தவிர ஒருவருடையது இன்னொருவருடையதாக மாறாது. ரத்தச் சொட்டுக்குப் பக்கத்தில் வெறும் தரையிலிருந்து ஒற்றிய துண்டுகளையும் கூடவே சோதித்தார்கள். கலப்பு நடந்திருந்தால் அவற்றிலும் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. தவிர, ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்கள் சோதித்தன.

இந்த இடத்தில் அரசுத் தரப்பின் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது. இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பொது விவாதத்தில் பலர் கவனிப்பதே இல்லை. அந்தச் சொட்டுகளைப் போலீஸ்காரர்கள் பார்த்தது ஜூன் 13 விடிவதற்கு முன்னால். சிம்ப்சன் அதற்கு முன்பே சிகாகோவுக்குக் கிளம்பிப் போயிருந்தார். அவரிடமிருந்து ரத்தம் எடுக்கப்பட்டது அன்று பிற்பகலில். ஆக, 'போலீஸ் அவருடைய ரத்தத்தைக் கொண்டுபோய்த் தெளித்தது' என்ற பேச்சு அந்தச் சொட்டுகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு 'ஆய்வகத்தில் கலந்துவிட்டது' என்று மட்டும்தான் சொல்ல முடியும். வேறு சில சான்றுகளுக்குத்தான் 'வைக்கப்பட்டது' என்ற வாதம். எதற்கு எந்த வாதம் என்று பிரித்துப் பார்க்காமல் பேசினால் விவாதம் குழம்பிவிடும். அப்படித்தான் குழம்பியது.

குப்பி, கேட், காலுறை

இனி அந்த ரத்தக் குப்பி. சிம்ப்சனிடமிருந்து சுமார் 8 மில்லிலிட்டர் எடுத்ததாக, எடுத்த மருத்துவப் பணியாளர் முதல்கட்ட விசாரணையில் சொன்னார். பிறகு எதிர்த்தரப்பு கணக்குப் போட்டபோது ஆறரை மில்லிலிட்டருக்குத்தான் கணக்கு வந்தது. மீதி ஒன்றரை எங்கே? எடுத்த அளவை யாரும் அந்த நேரத்தில் எழுதி வைக்கவில்லை. தான் சொன்னது குத்துமதிப்புதான், குறைவாகக்கூட இருந்திருக்கலாம் என்று அவர் பிறகு விளக்கம் கொடுத்தார். ஆனால் அதற்குள் அந்த ஒன்றரை மில்லிலிட்டர் உலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அது மட்டுமல்ல. துப்பறிவாளர் ஃபிலிப் வானாட்டர் அந்தக் குப்பியை அங்கேயே சான்றாகப் பதிவு செய்து ஒப்படைக்காமல், உறையில் போட்டு எடுத்துக்கொண்டு சிம்ப்சனின் வீட்டுக்குப் போனார். தடயங்கள் சேகரித்துக்கொண்டிருந்த டென்னிஸ் ஃபங்கிடம் நேரில் கொடுப்பதற்காகப் போனேன் என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சந்தேக நபரின் ரத்தத்தைச் சட்டைப்பையிலோ கையிலோ வைத்துக்கொண்டு, சான்று சேகரித்துக்கொண்டிருக்கும் இடத்துக்குள் ஒரு அதிகாரி நடந்து போகிறார் என்றால், காவல் தொடர் என்ற ஏற்பாடு எதைத் தடுப்பதற்காக இருக்கிறதோ அதுவே நடந்துவிட்டது.

பண்டி டிரைவ் வீட்டின் பின்பக்க கேட்டில் இருந்த ரத்தத்தை ஜூலை 3-ஆம் தேதிதான் எடுத்தார்கள். கொலை நடந்து மூன்று வாரம் கழித்து. முதல் நாள் விட்டுப்போனது என்றார்கள். குறுக்கு விசாரணையில் பேரி ஷெக் ஜூன் 13 அன்று எடுத்த புகைப்படத்தை ஃபங்கின் முன்னால் காட்டி, ரத்தம் எங்கே என்று கேட்டார். ஃபங் அந்தப் படத்தில் அதைக் காட்ட முடியாமல் தவித்த காட்சி அந்த வழக்கின் மறக்க முடியாத காட்சிகளில் ஒன்று. அன்றிரவே கேட்டில் ரத்தத்தைப் பார்த்தோம் என்று போலீஸ்காரர்கள் சாட்சி சொல்லியிருந்தார்கள். ஆனால் ஜூரி கண்ணால் பார்த்தது அந்தப் படத்தை. தவிர, மூன்று வாரம் வெட்டவெளியில் இருந்த கேட் ரத்தத்தில், முதல் நாளே எடுத்த சொட்டுகளில் இருந்ததைவிட நல்ல நிலையில் டி.என்.ஏ. இருந்தது. இதற்கு அரசுத் தரப்பின் பதில், கேட் ரத்தம் வண்டிச் சூட்டில் கிடக்கவில்லை என்பது. எதிர்த்தரப்பின் பதில், அது குப்பியிலிருந்து வந்தது என்பது. இப்படி ஒரே விஷயம் இரண்டு பக்கமும் போகும்.

காலுறை விஷயம் இன்னும் நுணுக்கமானது. சிம்ப்சனின் படுக்கையறையில் ஜூன் 13 அன்று ஒரு ஜோடி கருநிறக் காலுறை எடுக்கப்பட்டது. ஜூன் கடைசியில் பட்டியல் எடுத்தபோது அதில் ரத்தம் தென்படவில்லை என்று குறித்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் சோதித்தபோது ரத்தம் இருந்தது, அது நிக்கோலின் டி.என்.ஏ.வோடு பொருந்தியது. கருப்புத் துணியில் காய்ந்த ரத்தம் கண்ணுக்குத் தெரியாமல் போவது சாதாரணம். ஆனால் எதிர்த்தரப்பின் நிபுணர் ஒருவர், கணுக்கால் பக்கத்தில் வெளியே பட்ட ரத்தம் ஊறி உள்ளே போய் எதிர்ப்பக்கத் துணியின் உட்புறத்திலும் பட்டிருக்கிறது என்று காட்டினார். காலுறைக்குள் கால் இருந்திருந்தால் ரத்தம் எப்படி எதிர்ப்பக்கத்துக்குப் போகும்? சோதனைக்காகத் துணியை நனைத்தபோது ஊறியிருக்கலாம் என்றது அரசுத் தரப்பு.

எடுத்த ரத்தம் குழாயில் உறையாமல் இருக்க ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சேர்ப்பார்கள். கேட்டிலோ காலுறையிலோ இருந்த ரத்தம், ஒப்பிடுவதற்காக எடுத்து வைத்த குப்பியிலிருந்து (கேட்டுக்குச் சிம்ப்சனுடையது, காலுறைக்கு நிக்கோலுடையது) வந்திருந்தால் அதில் ஈ.டி.டி.ஏ. இருக்க வேண்டும். எஃப்.பி.ஐ. நிபுணர் சோதித்து, குப்பி ரத்தம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை என்றார். எதிர்த்தரப்பு நிபுணர் அதே சோதனைத் தாள்களைப் பார்த்து, இருக்கிறது என்றார். புதிதாகப் படிக்கிறவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இயந்திரம் காகிதத்தில் ஒரு கோட்டை வரையும், அந்தக் கோட்டுக்குப் பொருள் சொல்பவர் மனிதர்.

கையுறை

ஒரு கையுறை பண்டி டிரைவில் கிடந்தது. அதன் ஜோடி சிம்ப்சனின் ராக்கிங்ஹாம் வீட்டு வளாகத்தில் கிடைத்தது. கண்டெடுத்தவர் துப்பறிவாளர் மார்க் ஃபுர்மன்.

1995 ஜூன் 15 அன்று அரசு வக்கீல் கிறிஸ்டஃபர் டார்டன் அந்தக் கையுறைகளை ஜூரியின் முன்னால் சிம்ப்சனைப் போட்டுக் காட்டச் சொன்னார். அவர் மெல்லிய ரப்பர் கையுறை போட்டு, அதன்மேல் தோல் கையுறையை இழுத்தார். ஏறவில்லை. ரத்தத்தில் நனைந்து, காய்ந்து, ஆய்வகத்தில் உறைய வைத்து எடுத்த தோல் சுருங்கியிருக்கும், உள்ளே ரப்பர் வேறு இருக்கிறது என்பதெல்லாம் பிறகு விளக்கப்பட்டன. பலன் இல்லை. கையுறை பொருந்தவில்லையென்றால் விடுவித்தே ஆக வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஜானி காக்ரன் இறுதி வாதத்தில் எதுகையோடு சொன்ன வரியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நிபந்தனைகளைக் கட்டுப்படுத்தாமல் செய்யும் சோதனை சோதனையே இல்லை. ஆனால் அதை நாலு பேர் முன்னால் செய்து காட்டிவிட்டால், கண்டதை மறக்கச் சொல்ல முடியாது.

ஃபுர்மன் கதை இதைவிடப் பெரிய அடி. கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லைப் பத்து வருடமாகப் பயன்படுத்தியதே இல்லை என்று சத்தியம் செய்து சொன்னார். பிறகு, ஒரு திரைக்கதை எழுத்தாளரோடு அவர் பேசிய ஒலிநாடாக்கள் வெளிவந்தன. அதில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நீதிபதி லான்ஸ் இட்டோ அவற்றில் இரண்டு சிறு பகுதிகளை மட்டும் ஜூரி கேட்க அனுமதித்தார். ஜூரி இல்லாத நேரத்தில் ஃபுர்மனைத் திரும்பக் கூண்டில் ஏற்றி, இந்த வழக்கில் சான்றுகளை வைத்தீர்களா என்று கேட்டபோது, தனக்கெதிராகச் சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையைக் காட்டிப் பதில் சொல்ல மறுத்தார். 1996-இல் பொய்ச்சாட்சி வழக்கில் அவர் குற்றச்சாட்டை எதிர்க்காமல் தண்டனை ஏற்றார். கையுறையை அவர்தான் கொண்டுபோய் வைத்தார் என்பதற்குச் சான்று எதுவும் வரவில்லை. ஆனால் காவல் தொடரின் முதல் கண்ணியே சத்தியம் செய்து பொய் சொன்னவர் என்று ஆகிவிட்டது.

போலீஸே சான்றை வைத்தது என்று நம்பும் மனநிலை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள், இரண்டு மூன்று வருடம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். ராட்னி கிங் என்ற கறுப்பரை அதே நகரத்துப் போலீஸ்காரர்கள் அடித்தது வீடியோவில் பதிவாகியிருந்தும், 1992 ஏப்ரலில் அவர்களுக்குக் குற்றத் தண்டனை கிடைக்கவில்லை. நகரம் பற்றி எரிந்தது. அந்த நகரத்தில் வாழ்ந்த ஒரு கறுப்பருக்கு 'போலீஸ் சான்றை வைத்திருக்கலாம்' என்பது கற்பனை இல்லை, கண்டும் கேட்டும் பழகியது.

பேச முடியாதவரின் சான்று

இத்தனை விவாதத்தில் நிக்கோல் மறைந்துபோனதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. 1989-இல் அவரை அடித்த வழக்கில் சிம்ப்சன் எதிர்வாதம் செய்யாமல் தண்டனை ஏற்றிருந்தார். 1993-இல் நிக்கோல் அவசர உதவிக்கு அழைத்துப் பேசிய பதிவு இருந்தது. ஆனால் அவர் நாட்குறிப்பில் எழுதியதும், கொலைக்குச் சில நாள் முன்பு பெண்கள் காப்பகம் ஒன்றுக்குத் தொலைபேசியில் சொன்னதும் ஜூரிக்குப் போகவில்லை. சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதபோது, அவர் நீதிமன்றத்துக்கு வெளியே சொன்னதைச் செவிவழிச் சான்று என்று பொதுவாக ஒதுக்கிவிடுவார்கள். விதிக்குக் காரணம் புரிகிறது. கொல்லப்பட்டதாலேயே ஒருவர் பேச்சு எடுபடாமல் போவது கொடுமைதான், அதுவும் உண்மை.

எதிர்த்தரப்பின் ஆலோசகர் ஆலன் டெர்ஷோவிட்ஸ் ஒரு கணக்குச் சொன்னார்: மனைவியை அடிக்கும் ஆண்களில் கொலை வரை போகிறவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை, எனவே அடித்ததைச் சான்றாக எடுக்க வேண்டாம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அதே 1995-இல் ஐ. ஜே. குட் என்ற புள்ளியியல் அறிஞர் பதில் எழுதினார். அடிபடும் பெண்களில் எத்தனை பேர் கொல்லப்படுவார்கள் என்பது இங்கே கேள்வியே இல்லை. அடிபட்டு வந்த ஒரு பெண் ஏற்கெனவே கொல்லப்பட்டுவிட்டார். கொன்றது அடித்தவராக இருக்க எவ்வளவு வாய்ப்பு? இப்படிக் கேட்டால் விடை தலைகீழாகி, வாய்ப்பு மிக அதிகம் என்று வருகிறது. எண் ஒன்றுதான், கேட்ட கேள்வி மாறியதால் பொருள் மாறிவிட்டது.

இரண்டு தராசுகள்

1995 அக்டோபர் 3 அன்று ஜூரி சிம்ப்சனைக் குற்றவாளி இல்லை என்றது. எட்டு மாதத்துக்கும் மேல் வீட்டைப் பிரிந்து அடைபட்டிருந்த அவர்கள், கலந்து பேச எடுத்துக்கொண்டது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. கிரிமினல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். 'அவர் செய்திருப்பார் என்று நினைக்கிறேன், ஆனால் அந்தக் குப்பியும் கேட்டும் எனக்கு இடிக்கிறது' என்று நினைக்கும் ஜூரி விடுவிக்கத்தான் வேண்டும். அதனால் 'குற்றவாளி இல்லை' என்பதற்கு 'அவர் செய்யவில்லை' என்று பொருள் இல்லை. அரசு நிரூபிக்கவில்லை என்றுதான் பொருள். ஒருமுறை அப்படித் தீர்ப்பு வந்துவிட்டால் அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கவும் முடியாது.

ஆனால் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் சான்டா மோனிகாவில் சிவில் வழக்குப் போட்டார்கள். அங்கே தராசு வேறு. எந்தப் பக்கம் கொஞ்சமாவது கூடுதலாகச் சாய்கிறதோ அந்தப் பக்கம் தீர்ப்பு. பன்னிரண்டில் ஒன்பது பேர் ஒத்துக்கொண்டால் போதும், ஆனால் பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். 1997 பிப்ரவரியில் அந்த ஜூரி சிம்ப்சன்தான் பொறுப்பு என்றது. இழப்பீடும் தண்டத் தொகையும் சேர்த்து 3 கோடியே 35 லட்சம் டாலர்.

தராசு மட்டும் மாறவில்லை, தட்டில் வைத்ததும் மாறியது. கிரிமினல் வழக்கில் வாய்திறக்காமல் இருக்க உரிமை இருந்த சிம்ப்சன், இங்கே கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நிக்கோலின் எழுத்தும் இந்த ஜூரிக்குப் போனது. அப்புறம் ஷூ. பண்டி டிரைவ் தடங்கள் புரூனோ மாலி என்ற இத்தாலிய நிறுவனத்தின் 12-ஆம் எண் ஷூவுடையவை என்று எஃப்.பி.ஐ. முன்பே கண்டுபிடித்திருந்தது. அமெரிக்காவில் சில நூறு ஜோடிகளே விற்ற ரகம். ஆனால் சிம்ப்சனிடம் அது இருந்தது என்று முதல் வழக்கில் யாராலும் காட்ட முடியவில்லை. அந்த அசிங்கமான ஷூவை நான் வாங்கியிருக்கவே மாட்டேன் என்று அவர் சிவில் வழக்கில் சொன்னார்.

பிறகு, 1993 செப்டம்பரில் பஃபலோ மைதானத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று வெளிவந்தது. சிம்ப்சனின் காலில் அதே ஷூ. போலிப் படம் என்றது அவர் தரப்பு. சிவில் விசாரணை முடியும் தறுவாயில் இன்னொரு புகைப்படக்காரர் அதே நாளில் எடுத்த 30 படங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று அப்போதே, 1993 நவம்பரில், பஃபலோ அணியின் ரசிகர்களுக்கான செய்தித்தாளில் அச்சாகியிருந்தது. கொலை நடப்பதற்கு ஏழு மாதம் முன்பே அந்தத் தாள் ரசிகர்களின் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.